இடது முன் சக்கரம் மட்டும்

ஆத்தூரில் என் அக்கா இருக்கிறாள். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, ஒரு கவுளி வெற்றிலையும் கொஞ்சம் வசவும் வாங்கிக்கொண்டு திரும்புவேன். தூத்துக்குடியிலிருந்து 25 கிலோமீட்டர் போல இருக்கும். எங்கள் வீட்டில் கார் நிற்பதே இந்தப் பயணத்துக்காகத்தான். 2007-இல் சங்கத்தில் கடன் போட்டு வாங்கிய வெள்ளை மாருதி 800. பதினெட்டு வருஷத்தில் 61,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதிலும் முக்கால்வாசி நான் வேலையில் இருந்தபோது ஓடியது. ஓய்வு பெற்ற பிறகு மாதத்துக்கு ஒரு ஆத்தூர், எப்போதாவது ஒரு கல்யாணம், மற்ற நாளெல்லாம் வேப்பமரத்தடியில் உறை போட்டபடி தூக்கம்.

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் தமிழையா, நான் இயற்பியல். வண்டி சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உறையை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். எடுத்தது. கேட்டைத் தாண்டும்போதே ஏதோ சரியில்லை. முதல் கியரில் கிளட்ச்சை விட்டால் வழக்கமாக மெதுவாக நழுவி நகரும் வண்டி, அன்றைக்கு யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் தயங்கியது. மூன்று வாரம் நின்ற வண்டி, டயரில் காற்று குறைவாக இருக்கும் என்று நினைத்துப் பங்கில் காற்று பிடித்தேன். குறைவாகத்தான் இருந்தது. அதனால் அத்தோடு விஷயம் முடிந்தது என்று நம்பிவிட்டேன்.

முத்தையாபுரம் வரை நெரிசல். முன்னால் ஒரு உப்பு லாரி, நின்று நின்று போனது. அதைத் தாண்டி ரோடு காலியான பிறகுதான் உறைத்தது. ஸ்டியரிங்கைச் சும்மா விட்டால் வண்டி இடப்பக்கம் போகப் பார்க்கிறது. நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உருண்டு போக வேண்டிய வண்டி, சட்டென்று சுணங்குகிறது. முள்ளக்காடு தாண்டியதும் வாசம் வந்தது. அடுப்பில் பிடித்துணி கருகினால் ஒரு வாசம் வருமே, அதில் கொஞ்சம் இரும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓரம் கட்டி இறங்கினேன். இரண்டு பக்கமும் உப்பளம், கண் கூசும் வெயில், ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, விரலை நனைத்து ஒவ்வொரு சக்கரத்தின் ரிம்மிலும் சொட்டுவிட்டேன். பின் சக்கரங்கள் இரண்டிலும் சொட்டு அப்படியே வழிந்தது. வலது முன் சக்கரத்திலும் வழிந்தது. இடது முன் சக்கரத்தில் தோசைக்கல்லில் தெளித்த மாதிரி 'சொய்ங்' என்று துள்ளிக் காணாமல் போனது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் சிலர் செய்வதுபோல் பாட்டில் தண்ணீர் முழுவதையும் அதில் கவிழ்க்கக் கூடாது. பழுக்கச் சூடான வார்ப்பிரும்புத் தட்டு திடீரென்று குளிர்ந்தால் கோணும், விரிசலும் விடும். அது தானாக ஆறட்டும் என்று கதவுகளைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, பஸ்ஸுல வந்தா என்ன, கிரீடமா எறங்கிரும்?" என்றாள். அரை மணி நேரம் கழித்து வண்டி பழையபடி லேசாக உருண்டது. அது எனக்குக் கிடைத்த முதல் துப்பு. அன்றைக்கு அதைத் துப்பு என்றே நான் எடுத்துக்கொள்ளவில்லை. முருகா என்று வீட்டுக்குத் திருப்பினேன். 30-க்கு மேல் போகாமல், பிரேக்கை முடிந்தவரை தொடாமல், கியரைக் குறைத்துக் குறைத்தே ஊர் வந்து சேர்ந்தேன்.

வந்ததும், கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி ஞாபகம் வந்தது. எடுத்து வந்து ரிம்முக்கு நேராகப் பிடித்தேன். 'ஹை' என்று காட்டியது. மனுசக் காய்ச்சலை அளக்கிற கருவிக்கு இதெல்லாம் எட்டாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தமிழையா மட்டும் எட்டிப் பார்த்து, "ரொம்பக் காய்ச்சல் போலிருக்கே, கசாயம் வச்சுக் கொடு" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் பிரேக் பிடித்துக்கொண்டது என்று சொன்னால், கேட்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் ஹேண்ட் பிரேக் என்பார்கள். தப்பு சொல்ல முடியாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டு மழைக்காலத்தில் ஒரு மாதம் விட்டால், பின் டிரம்முக்குள் கட்டை ஒட்டிக்கொள்ளும், கேபிள் உறைக்குள் துரு ஏறித் திரும்பி வராது. எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விடும், இல்லாவிட்டால் விடவே விடாது. கடலோர ஊரில் இது சர்வசாதாரணம். அதனால்தான் நான் வீட்டில் ஹேண்ட் பிரேக் போடுவதேயில்லை. முதல் கியரில் நிறுத்தி, முன்னும் பின்னும் செங்கல் வைத்துவிடுவேன். எங்கள் வாசல் சமதளம், அதனால் சரிப்படுகிறது. மேட்டுத் தெருவில் இருப்பவர்கள் செங்கல்லை நம்ப வேண்டாம். எப்படியானாலும் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். எனக்குச் சுட்டதோ முன் சக்கரம். ஆக ஹேண்ட் பிரேக் கட்சி அங்கேயே தோற்றது.

மறுநாள் காலை சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பின் சக்கரங்களுக்குச் செங்கல், அன்றைக்கு மட்டும் ஹேண்ட் பிரேக்கும் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் ஜாக்கி கொடுத்தேன். ஜாக்கி நழுவினாலும் வண்டி தரையில் விழாமல் இருக்க ஸ்டெப்னியைக் கழற்றி அடியில் படுக்கப் போட்டேன். பிறகு கையால் சக்கரத்தைச் சுற்றி, எத்தனை சுற்று சுற்றி நிற்கிறது என்று பார்த்தேன். பழைய பழக்கம், நோட்டில் குறித்தும் வைத்தேன். பெடலைத் தொடும் முன் வலது ஒன்றரைச் சுற்று, இடது ஒரு சுற்று. தமிழையாவை உள்ளே உட்காரவைத்துப் பெடலை நாலு தடவை அமுக்கி விடச் சொன்ன பிறகு வலது மறுபடி ஒன்றரை. இடதோ இரண்டு கையாலும் இழுத்தும் அசையவில்லை. ஐந்து நிமிஷம் கழித்துக் கால் சுற்று. பன்னிரண்டு நிமிஷம் கழித்து மறுபடி ஒரு சுற்று.

இந்த நாலு வரியில் எல்லா விடையும் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் "ரீடிங் எடுத்தா மட்டும் போதாது, அது என்ன சொல்லுதுன்னு பாரு" என்று கத்தியவள் நான். நோட்டை மூடி வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

அவர் எங்கள் தெருமுனையில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும், எனக்குத் தம்பி மாதிரி. என்னிடம் படித்தவர் இல்லை. ஆனால் எங்கள் ஏரியாவில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். வந்து சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டைப் பிடித்து நிறுத்துகிற கேலிப்பரைக் கையால் ஆட்டிப் பார்த்தார்.

"டீச்சர், பின்னு புடிச்சிருக்கு. இங்கன பாருங்க, அசையவே மாட்டேங்கி."

இந்த மாதிரி வண்டியில் கேலிப்பருக்கு ஒரே பிஸ்டன், உள்பக்கத்தில் மட்டும். அது உள் பேடை, அதாவது உராயும் பட்டையை, டிஸ்க்கில் அழுத்தும்போது, கேலிப்பர் முழுவதும் இரண்டு பின்கள்மேல் வழுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நகர்ந்து வெளி பேடையும் இழுத்து அழுத்தும். இடுக்கியைப் போல. பின்கள் வழுக்காவிட்டால் ஒரு பக்கம் மட்டும் உராய்ந்துகொண்டே இருக்கும். கழற்றிப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. உள் பேட் பாதிக்கு மேல் தேய்ந்து பளபளவென்று கண்ணாடியாகி இருந்தது. வெளி பேட் ஏறக்குறைய புதுசு. கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செங்கல் பொடி மாதிரி துரு. சுத்தியால் தட்டித் திருகி அதை வெளியே எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது.

தண்ணி எப்படி அங்கே போனது என்பதற்கு நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. எங்கள் தெருவில் நாலு நாள் தண்ணி நின்றது. வண்டிக்குப் பாதிச் சக்கரம் முங்கிக் கிடந்தது. வடிந்த பிறகு வீட்டைக் கழுவவே எங்களுக்குத் தெம்பில்லை, கேலிப்பர் பின்னை யார் நினைத்தார்கள்? எஞ்சினுக்குள் தண்ணி போகவில்லை என்றதும் நிம்மதியாகிவிட்டேன்.

இரண்டு பின்களையும் எமரி ஷீட்டால் தேய்த்து, புது ரப்பர் உறை மாட்டி, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டார். பையன் முதலில் வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் டப்பாவைத்தான் நீட்டினான். அவர் அதட்டினார். "லேய், அதப் போட்டா ரப்பர் ஊதிரும்ல." சரியான பேச்சு. பெட்ரோலியத்தில் செய்த கிரீஸ் இந்த ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்துவிடும், ஆறு மாதத்தில் பின் மறுபடி இறுகும். இரண்டு பக்கத்துக்கும் புது பேட். எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன், ரிம்மில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. அக்காவுக்கு வெற்றிச் செய்தி சொன்னேன்.

நாலாம் நாள் மார்க்கெட்டுக்குப் போனேன். பாளை ரோட்டில் நெரிசல், ஐம்பது அடிக்கு ஒரு பிரேக். வீடு திரும்பும்போது அதே வாசம்.

கோபம் மெக்கானிக் மேல் வரவில்லை, என் மேல்தான் வந்தது. கேலிப்பர் பின் உண்மையாகவே பிடித்துத்தான் இருந்தது, கண்ணால் பார்த்தேன். ஒரு குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கியதும் இன்னொருவன் இருப்பான் என்று தோன்றவில்லை. அன்று ராத்திரிதான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம். துருப்பிடித்த பின் பன்னிரண்டு நிமிஷத்தில் தானாகவா விடும்? துருவுக்குக் கடிகாரம் தெரியாது. பிடித்தால் பிடித்ததுதான். கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்றால் ஏதோ கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறுகிறது. கசியக்கூடியது அங்கே ஒன்றுதான். பிரேக் ஆயில்.

வகுப்பில் பாஸ்கல் விதிக்கு நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் இதே பிரேக்தான். கரும்பலகையில் 'வேகத்தடை' என்று தலைப்புப் போடுவேன், பிள்ளைகள் ரோட்டில் இருக்கிற மேட்டை நினைத்துக்கொள்ளும், அதைத் திருத்தவே ஐந்து நிமிஷம் போகும். பிறகு படம். பெடல், அது அமுக்குகிற ஆயில் உருளையான மாஸ்டர் சிலிண்டர், குழாய், சக்கரத்துப் பிஸ்டன். காலால் கொடுக்கிற அழுத்தம் திரவத்தில் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவுகிறது, பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது, வண்டி நிற்கிறது. இதுவரை அம்புக்குறி போட்டு விளக்குவேன். அடுத்த வரி, 'பெடலை விட்டதும் திரவம் திரும்பி வருகிறது, சக்கரம் விடுபடுகிறது.' அவ்வளவுதான். எது அதைத் திருப்பி அனுப்புகிறது என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

டிரம் பிரேக்கில் ஸ்பிரிங் உண்டு, கட்டையை இழுத்துக்கொள்ளும். டிஸ்க் பிரேக்கில் ஸ்பிரிங் எதுவும் பிஸ்டனை இழுப்பதில்லை. பிஸ்டனைச் சுற்றி, வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும் ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கிறது. ஆயில் ஒழுகாமல் காப்பது அதன் ஒரு வேலை. பிஸ்டன் முன்னால் போகும்போது அதோடு ஒட்டிக்கொண்டு லேசாக முறுக்கிக்கொள்ளும், அழுத்தம் போனதும் நிமிர்ந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுக்கும். அது இரண்டாவது வேலை. டிஸ்க் சுற்றும்போது உள்ள சின்ன ஆட்டமும் பேடைத் தட்டித் தள்ளிவிடும். போகும்போது ஒரு மனுசியின் முழுக் காலும் பெடலின் நெம்புகோல் பலமும் சேர்ந்து தள்ளுகிறது. வரும்போது ஒரு ரப்பர் வளையத்தின் முறுக்கு மட்டும்.

இப்போது குழாய் எங்காவது அடைத்து ஊசித்துளையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலின் பலம் அந்தத் துளை வழியாகவும் ஆயிலைத் தள்ளிவிடும், பிரேக் நன்றாகவே பிடிக்கும், ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ரப்பரின் பலத்தால் அதே துளை வழியாக ஆயிலைத் திருப்பி அனுப்ப முடியாது. சொட்டுச் சொட்டாகத்தான் வரும். காலியான ரோட்டில் ஒரு பிரேக்குக்கும் அடுத்த பிரேக்குக்கும் நடுவில் நேரம் இருந்தால் வடிந்துவிடும். பாளை ரோட்டில் நேரம் இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். உராய்ந்தால் சூடு, சூட்டில் உள்ளே அடைபட்ட ஆயில் விரியும், விரிந்தால் இன்னும் இறுகும், இறுகினால் இன்னும் சூடு. உப்பு லாரிக்குப் பின்னால் போன அன்று நடந்தது இதுதான். சரிபண்ணிய பிறகு தெருவைச் சுற்றி வந்தபோது நான் பிரேக்கே சரியாகப் போடவில்லை. அதனால்தான் அது நல்ல பிள்ளையாக இருந்தது.

காலையில் கொட்டகைக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஹோஸா இருக்கும்னு சொல்லுதீங்க. மாஸ்டராவும் இருக்கலாம்லா டீச்சர்?" என்றார். ஹோஸ் என்பது வண்டியின் இரும்புக் குழாயையும் கேலிப்பரையும் இணைக்கிற ரப்பர் குழாய். அவர் கேட்டதும் நியாயம். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் வழி அடைத்தாலும் பிரேக் விடாது. ஆனால் எனக்கு ஒரு சக்கரம்தான் பிடிக்கிறது. அதனால் பந்தயம் ஹோஸ் மேல். பந்தயம் போதாது, பார்த்துவிடலாம் என்று முடிவானது.

சோதனை இரண்டு படி. சக்கரத்தைத் தூக்கி, பெடலை நாலைந்து தடவை அமுக்கிச் சக்கரத்தைப் பிடிக்கவைத்தோம். முதலில் கேலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளில், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சின்னத் திருகில், எட்டு-பத்து ரிங் ஸ்பானரை மாட்டிக் கால் திருகு திறந்தார். 'சீத்' என்று ஒரு பீச்சல். அந்த நொடியே சக்கரம் விட்டது, பையன் விரலால் சுண்டினான், சுற்றியது. ஆக பின்னும் இல்லை, பிஸ்டன் துருவும் இல்லை. அடைபட்ட அழுத்தம்தான். அவை காரணமாக இருந்தால் ஆயில் வெளியேறினாலும் சக்கரம் இறுகியே இருந்திருக்கும்.

நிப்பிளை மூடி, மறுபடி பிடிக்கவைத்து, இந்தத் தடவை ஹோஸுக்கு மேல்பக்கம், இரும்புக் குழாய் வந்து சேருகிற நட்டைத் தளர்த்த வேண்டும். மாஸ்டர் பக்கம் குற்றம் என்றால் அங்கே திறந்ததும் சக்கரம் விட வேண்டும். விடாவிட்டால் அடைப்பு ஹோஸுக்குள். சொல்வதற்குச் சுலபம். பதினெட்டு வருஷத்து நட்டு, உப்புக்காற்று. சாதாரண ஸ்பானர் போட்டால் முனை மழுங்கி உருண்டையாகிவிடும், பிறகு இரும்புக் குழாயையே மாற்ற வேண்டி வரும். அவர் முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊறவைத்திருந்தால் நன்றாயிருக்கும், அன்று காலைதான் அடித்தோம். இரண்டு டீ குடிக்கிற நேரம் காத்திருந்து, நட்டின் முனைகளைச் சுற்றிப் பிடிக்கிற ஸ்பானரை யாரிடமோ இரவல் வாங்கி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். கிரீச் என்று இளகியது. ஆயில் கசிந்தது. சக்கரத்தைச் சுற்றினோம். அசையவில்லை.

"ஹோஸ்தான்," என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு முதல் ரேங்க் வாங்கின சந்தோஷம்.

கழற்றின ஹோஸை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வெடிப்பு இல்லை, உப்பல் இல்லை, ஒழுகல் இல்லை. வாயை வைத்து ஊதப் போன பையனைத் தடுத்தேன், பிரேக் ஆயில் வாய்க்குள் போகிற பொருள் இல்லை. வீட்டிலிருந்து தையல் ஊசி கொண்டுவந்து ஒரு முனையில் விட்டேன், போயிற்று. நடுவில் ஒரு இரும்புத் தகடு ஹோஸைச் சுற்றி இறுக்கி வண்டியோடு பிடித்திருக்கும். அந்த இடத்தில் அறுத்து, அங்கிருந்து ஊசியை விட்டால் போகவில்லை. பெயிண்டுக்கு அடியில் அந்தத் தகடு உள்பக்கமாகத் துருப்பிடித்து அடுக்கடுக்காக உப்பியிருந்தது. இரும்பு இருந்த இடத்தைவிடத் துரு பல மடங்கு இடம் கேட்கும். வெளியே போக வழியில்லை, வளையம். அதனால் உள்ளே வளர்ந்து ரப்பரை நெரித்துவிட்டது. கழுத்தில் போட்ட கயிறு மாதிரி. பின்னைக் கெடுத்த அதே வெள்ளம் இதையும் தொடங்கிவைத்திருக்க வேண்டும், மிச்சத்தைக் கடற்காற்று பார்த்துக்கொண்டது. ஒரு பக்கம் இப்படி என்றால் மறுபக்கம் நாளைக்கு. இரண்டு ஹோஸும் புதுசு போடச் சொன்னேன்.

பிறகு ஆயில் மாற்றி ஏர் எடுக்கும் படலம். மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவிலிருந்து வந்த பழைய ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறம். புதுசு இளம் மஞ்சளில் தெளிவாக இருக்கும். நான் கடைசியாக மாற்றியது எப்போது என்று பில்லைத் தேடிப் பார்த்தேன். 2017. இதற்கு எந்தச் சாக்கும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிற மாதிரி. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயிலுக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி கொதிநிலை இருக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலைக்கு வைத்திருக்கும் அளவு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230-ம் 155-ம். முள்ளக்காட்டில் தண்ணீர்ச் சொட்டு துள்ளிய அந்தச் சக்கரத்துக்குள் எட்டு வருஷத்து ஆயில் இருந்தது. அது கொதித்து ஆவியாகியிருந்தால் பெடல் பஞ்சாகிக் கீழே போயிருக்கும். ஆவி அமுங்கும், பாஸ்கல் விதி அதனிடம் செல்லாது. பிரேக் பிடித்துக்கொண்டதை நினைத்து நான் பயந்தேன். உண்மையில் பயந்திருக்க வேண்டியது, பிடிக்காமல் போகிற அந்த அடுத்த கட்டத்துக்கு.

பெடலில் தமிழையா. நிப்பிளில் மெக்கானிக், பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனை நிப்பிளில், மறு முனை பாட்டிலில் ஆயிலுக்குள். மாஸ்டரிலிருந்து தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் தொடங்கிக் கிட்டே வந்தோம். நான் மேலே டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டு நின்றேன். அது காலியானால் காற்று உள்ளே போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அமுக்குங்க சார்... புடிங்க... விட்றாதீங்க... ம், இப்ப விடுங்க."

மூன்றாவது சக்கரத்தில் தமிழையா, "விடுங்கன்னா பெடலையா, என்னையா?" என்றார். மணி பதினொன்றரை ஆகியிருந்தது, அவருக்குக் காப்பி நேரம் தாண்டிவிட்டது. ஆயில் கொஞ்சம் மட்கார்டில் சிந்தியது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். விட்டால் பெயிண்டைத் தின்றுவிடும்.

ஹோஸ் இரண்டும், டாட் 4 ஆயிலும், கூலியும் சேர்த்து 1,600. அந்தக் கூலியை வாங்கமாட்டேன் என்று அவர் அடம்பிடித்தார், "மொதல்லயே நான் பாத்திருக்கணும்லா" என்று. கேலிப்பர் பின் எப்படியும் போட்டே ஆகவேண்டிய வேலைதானே என்று கையில் திணித்தேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் தனியாக ஹோஸ் மாற்றக் கிளம்ப வேண்டாம். நான் செய்தது கை வைத்துச் சூடு பார்த்ததும், சுற்று எண்ணியதும், நோட்டில் எழுதியதும்தான். திறந்து மூடிய வேலையெல்லாம் அந்தத் தம்பியுடையது. டிஸ்க்கிலும் டிரம்மிலும் படிந்திருக்கிற கரும்பொடியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பேடுகளில் கல்நார் கலந்திருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. அவர் கொட்டகையில் பையன் இன்னும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறான். முகக்கவசம் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். மாட்டுகிறானா தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆத்தூருக்குப் புறப்பட்டோம். முள்ளக்காட்டில் அதே இடத்தில் நிறுத்தி இறங்கி இரண்டு முன் ரிம்மிலும் ஒரே நேரத்தில் கை வைத்துப் பார்த்தேன். இரண்டும் காப்பி குடித்து முடித்த டம்ளர் சூடு. இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அக்கா வீட்டில், "வண்டிக்கு மூவாயிரத்தஞ்ஞூறு செலவா! அதுக்கு எத்தன வருசம் பஸ்ஸுல வரலாம், கணக்குப் போட்டியாட்டி?" என்று கேட்டாள். போடவில்லை.

இப்போது வாரம் ஒருநாள், வியாழக்கிழமை சாயங்காலம், வண்டியை எடுத்துத் துறைமுகம் ரோடு வரை போய், நாலைந்து தடவை நன்றாக பிரேக் போட்டு, டிஸ்க்கின் துருவைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறோம். அரை மணி நேர வேலை. தமிழையா கூடவே வருகிறார். திரும்பும் வழியில் மக்ரூன் கடை இருக்கிறது. அரைக் கிலோ வாங்காமல் அவர் காரில் ஏறுவதில்லை. போன வாரம் டாக்டர் சர்க்கரை பார்த்துவிட்டு என்னைத்தான் முறைத்தார்.